எழுபத்தைந்து வயதில் பட்டாளம்

1

நேமத்தான்பட்டியில் என் அப்பத்தா பார்த்துக்கொள்கிற வீட்டில் டவர் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். முகப்புத் திண்ணையின் வடக்கு மூலை. அதைத் தாண்டி வளவுக்குள் போய்விட்டால் போன் வெறும் டார்ச் லைட். 2014 கோடை விடுமுறையில் அந்த மூலையில் உட்கார்ந்துதான் ஜான் ஸ்கால்ஸியின் ‘ஓல்ட் மேன்ஸ் வார்’ நாவலைப் படித்தேன். கல்லூரி ஹாஸ்டலில் ஒரு நண்பன் அனுப்பிய கோப்பு. “செம்ம சண்டை மச்சி, ஏலியன்லாம் அடி வாங்குவானுங்க” என்று மட்டும் சொல்லியிருந்தான். அவன் சொன்னது பொய்யில்லை. ஆனால் அதுக்காக மட்டும் ஒருத்தன் பதினோரு வருஷம் ஒரு வரிசையை விடாமல் படிக்கமாட்டான்.

வீடு எங்களுடையது இல்லை. செட்டியார் வீடு. அவர்கள் சென்னையிலும் வெளிநாட்டிலுமாக இருக்கிறார்கள். படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வருவார்கள். மீதி நாளெல்லாம் அப்பத்தாவும் ஒரு சாவிக்கொத்தும்தான். காலையில் முகப்பு தெளித்துக் கோலம் போடுவது, முறை வைத்து அறைகளைத் திறந்து காற்றாட விடுவது, சாயங்காலம் விளக்கேற்றுவது, வௌவால் விரட்டுவது. இது அவள் வேலை.

நாவலின் தொடக்கம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஜான் பெர்ரி என்ற அமெரிக்கக் கிழவர். எழுபத்தைந்தாவது பிறந்தநாள் அன்று மனைவியின் கல்லறைக்குப் போகிறார், அப்புறம் பட்டாளத்தில் சேர்கிறார். எதிர்காலத்தில் மனிதர்கள் விண்வெளியில் பல உலகங்களில் குடியேறியிருக்கிறார்கள். அந்தக் குடியேற்றங்களை ஆள்கிற காலனிய ஒன்றியம் தன் படைக்குக் கிழவர்களையும் கிழவிகளையும் மட்டும்தான் எடுக்கிறது. சேர்ந்தால் ஒரு புது உடம்பு கிடைக்கும். பச்சைத் தோல், பூனைக் கண், சாதாரண ரத்தத்துக்குப் பதில் செயற்கை ரத்தம், மண்டைக்குள் ஒரு கணினி. பதிலுக்கு இரண்டு வருஷ சேவை, தேவைப்பட்டால் பத்து வருஷம் வரை நீட்டிக்கலாம். இன்னொரு நிபந்தனை: பூமிக்குத் திரும்பவே முடியாது. கையெழுத்துப் போட்டுக் கிளம்பினால் பூமியின் சட்டப்படி நீங்கள் செத்துப்போனவர்.

படித்த சூட்டோடு அப்பத்தாவிடம் கதையைச் சொன்னேன். “எழுபத்தஞ்சு வயசுல உனக்கு இளம் உடம்பு தர்றாங்க. ஆனா ஊருக்குத் திரும்ப முடியாது. போவியா?”

அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். “கண்ணு மட்டும் குடுப்பானுகளான்னு கேளு. மத்ததெல்லாம் வேணாம்” என்றாள். அப்புறம், “செத்துட்டதா எழுதிக்கிட்டா முதியோர் பென்சன் நின்னு போகுமேடா” என்றாள்.

சிரித்துவிட்டேன். ஆனால் இந்த வரிசையைப் பற்றி இவ்வளவு வருஷத்தில் நான் படித்த விமர்சனங்களில் பாதி இந்த இரண்டு கேள்விக்கு மேல் போகவில்லை. உடம்பில் எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம்? செத்ததாக எழுதப்பட்ட ஆளின் கணக்கு யாரிடம் போகிறது?

2

ராணுவ அறிவியல் புனைவு என்றாலே நம்மாட்களில் பலருக்கு ஒரு முகச்சுளிப்பு உண்டு. துப்பாக்கி, கவச உடை, கேப்டனின் வீர உரை, பூச்சி மாதிரி வருகிற எதிரி. அந்த முகச்சுளிப்புக்குக் காரணமும் உண்டு. இந்த வகைமையின் அஸ்திவாரக் கல் ராபர்ட் ஹைன்லைனின் ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’ (1959). அதில் நாட்டுக்குச் சேவை செய்து முடித்தவனுக்கு மட்டும்தான் ஓட்டு. எதிரி நிஜமாகவே பூச்சி. போர் என்பது ஒருவனை மனிதனாக்குகிற பள்ளிக்கூடம். ஹைன்லைன் கடற்படை அதிகாரியாக இருந்தவர்.

அதற்குப் பதில் சொன்னவர் வியட்நாமில் காயம்பட்டுத் திரும்பிய ஜோ ஹால்டமன். அவருடைய ‘தி ஃபாரெவர் வார்’ (1974) நாவலில் வீரன் ஒளியின் வேகத்தை ஒட்டிப் பயணம் செய்வதால் அவனுக்குச் சில மாதம், ஊருக்குப் பல தலைமுறை. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் ஊர் அவனுக்கு இன்னும் அந்நியமாகிறது. வியட்நாமிலிருந்து வந்தவனுக்கு அமெரிக்கா எப்படித் தெரிந்ததோ அதை இயற்பியல் விதியாகவே மாற்றிவிட்டார்.

ஸ்கால்ஸி பட்டாளத்துக்குப் போனவர் இல்லை. பத்திரிகைக்காரர், சினிமா விமர்சகர். ‘ஓல்ட் மேன்ஸ் வார்’ நாவலை 2002 டிசம்பரில் தன் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாகப் போட்டார். அதைப் பார்த்து டோர் பதிப்பகம் வாங்கிக்கொண்டது. 2005இல் புத்தகம். அடுத்த வருடம் ஹியூகோ விருதின் இறுதிப் பட்டியல். இணையத்தில் எழுதி இணையத்திலேயே வாசகரைச் சேர்த்த ஆள் என்பதால் நம் தலைமுறைக்கு அவர் கொஞ்சம் நெருக்கம். ஹைன்லைனுக்கு நன்றி சொல்லித்தான் தொடங்கினார். ஹைன்லைனின் சட்டகத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, பதினெட்டு வயதுப் பையனுக்குப் பதில் எழுபத்தைந்து வயதுக் கிழவரை அதில் நிறுத்தினார்.

அந்த ஒரு மாற்றம் எல்லாவற்றையும் மாற்றுகிறது. பதினெட்டு வயதுக்காரனுக்கு இழக்க எதிர்காலம் இருக்கிறது, ஆனால் அது என்னவென்று அவனுக்குத் தெரியாது. எழுபத்தைந்து வயதுக்காரருக்கு இழப்பது என்னவென்று தெரியும். ஏற்கெனவே இழந்தாகிவிட்டது. மனைவி போய்விட்டாள், மூட்டு போய்விட்டது. மிச்சமிருப்பது நினைவு மட்டும். அந்த நினைவைப் புது உடம்பில் ஏற்றி, கையில் துப்பாக்கியைக் கொடுத்து அனுப்புகிறார்கள். பத்து வருஷத்தில் முக்கால்வாசிப் பேர் செத்துவிடுவார்கள் என்று பயிற்சி தொடங்கும் முன்பே சொல்லிவிடுகிறார்கள். பிரசவ ஆஸ்பத்திரி வாசலிலேயே சுடுகாட்டுச் சீட்டையும் கொடுத்த மாதிரி.

3

முதல் நாவலில் இரண்டு காட்சிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வரிசை முழுவதையும் அவற்றிலிருந்து பேசலாம் என்று நினைக்கிறேன்.

ஒன்று, பெண்டர் என்ற முன்னாள் அமெரிக்க அரசியல்வாதி. அவரும் பட்டாளத்தில் இருக்கிறார். எதற்கெடுத்தாலும் சண்டை எதற்கு, பேசிப் பார்க்கலாமே என்கிறார். ஒருநாள் சண்டைக்கு நடுவில் கையைத் தூக்கிக்கொண்டு எதிரிகளிடம் பேசப் போகிறார். சுட்டுக் கொல்கிறார்கள். நாவல் அவரை ஒரு கோமாளியாகத்தான் காட்டுகிறது. கூட இருந்த வீரர்களில் ஒருத்தி அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்று ஒப்புக்கொள்கிறாள், ஆனால் அந்த ஒப்புதல் சீக்கிரம் மறைந்துவிடுகிறது. முதல் முறை படித்தபோது நானும் “வேணும், இந்தாளுக்கு” என்றுதான் நினைத்தேன். பத்தொன்பது வயது.

இரண்டு, கொவாண்டு என்ற இனத்தோடு நடக்கும் போர். விரல் நீளம்கூட இல்லாத ஜீவன்கள். அவர்களுடைய நகரத்துக்குள் பெர்ரியும் மற்றவர்களும் சும்மா நடந்துபோகிறார்கள், மிதிக்கிறார்கள். அங்கேதான் பெர்ரி உடைகிறார். நான் இன்னும் மனிதன்தானா என்று கேட்கிறார். மேலதிகாரி வந்து தேற்றுகிறார்: எல்லாருக்கும் இந்தக் கட்டம் வரும், கடந்து போகும். பெர்ரியும் கடந்து போகிறார். கதையும்தான்.

இந்த இரண்டு இடத்திலும் ஸ்கால்ஸி ஒரு கதவைத் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, சட்டென்று சாத்திவிடுகிறார். முதல் நாவலை மட்டும் படித்துவிட்டு இதை ஏகாதிபத்தியத்தின் ஜாலியான விளம்பரம் என்று சொல்கிறவர்களை என்னால் குறை சொல்லமுடியாது. சாத்திய கதவு சாத்தியதுதான்.

ஆனால் இது தொடர்ந்து வருகிற வரிசை. சாத்திய கதவுக்கே ஆசிரியர் திரும்ப வருகிறார். ‘தி கோஸ்ட் பிரிகேட்ஸ்’ (2006), பட்டாளத்தில் சேரும் முன்பே இறந்தவர்களின் மரபணுவிலிருந்து உருவாக்கப்பட்ட வீரர்களின் கதை. அவர்களுக்குக் குழந்தைப் பருவம் கிடையாது, பெற்றோர் கிடையாது. பிறந்ததே சண்டைக்கு. முதல் நாவலில் பெர்ரி இறந்த தன் மனைவியின் முகத்தை ஒரு சிறப்புப் படை வீராங்கனையிடம் பார்த்தது நமக்கு ஒரு காதல் கதையாகத் தெரிந்தது. இரண்டாம் நாவலில்தான் புரிகிறது, அந்த ஜேன் சேகன் யாரையும் கேட்காமல் செய்யப்பட்டவள். மூன்றாவது ‘தி லாஸ்ட் காலனி’ (2007) நாவலில் பெர்ரியும் ஜேனும் தலைமையேற்று ரோனோக் என்ற புதுக் குடியேற்றத்துக்குப் போகிறார்கள். பத்து உலகங்களிலிருந்து 2500 பேர். காலனிய ஒன்றியம் அவர்களைத் தூண்டில் புழுவாகத்தான் அனுப்பியிருக்கிறது என்பது அப்புறம் தெரிகிறது. நானூறுக்கும் மேற்பட்ட வேற்றினங்கள் சேர்ந்து அமைத்த கான்க்ளேவ் என்ற கூட்டணியை அந்த இடத்துக்கு வரவழைத்து அழிக்க.

நாவலின் முடிவில் பெர்ரி செய்வதுதான் இந்த வரிசையின் மிகப் பெரிய காரியம். அவர் பூமிக்குத் திரும்பிப் போகிறார். திரும்பக்கூடாது என்று கையெழுத்துப் போட்ட மனிதர், கான்க்ளேவ் கப்பல்களோடு போய், ஒன்றியம் இத்தனை காலம் பூமியை ஒன்றும் தெரியாமல் வைத்திருந்து ஆள் பிடிக்கிற பண்ணையாக நடத்தியதை வெளிப்படையாகச் சொல்கிறார். அதற்குப் பிறகு வந்த ‘தி ஹ்யூமன் டிவிஷன்’ (2013) நூலில் பூமி ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. எனவே ஒன்றியத்துக்கு முதல்முறையாகப் பேச்சுவார்த்தை தேவைப்படுகிறது. கதாநாயகர்கள் யார்? முதல் நாவலில் பெர்ரியின் சேக்காளியாக இருந்த ஹாரி வில்சனும், யாரும் மதிக்காத ஒரு இரண்டாம்தரத் தூதர் குழுவும்.

அதாவது பெண்டர்கள். எட்டு வருஷம் முன்னால் கோமாளியாகச் சுட்டுக் கொன்ற ஆளை ஆசிரியர் திரும்பக் கூட்டிவந்து கதையின் நடுவில் உட்கார வைக்கிறார், ஒரு குழுவாக. தனி நாவலாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது. தன் முதல் புத்தகத்தோடு ஒரு எழுத்தாளர் வாசகர் கண்ணெதிரே சண்டை போடுவதைப் பார்க்க இந்த மாதிரி முடியாத வரிசைதான் வேண்டியிருக்கிறது.

4

இப்போது நேமத்தான்பட்டித் திண்ணைக்கு வருகிறேன். இந்த வரிசையை இங்கே உட்கார்ந்து படிப்பதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது.

ஸ்கால்ஸியின் எதிர்காலத்தில் துணைக்கண்டப் போர் என்று ஒன்று நடந்து முடிந்திருக்கிறது. அதற்குப் பிறகு வேறு உலகங்களில் குடியேற அனுமதி இந்தியா போன்ற மக்கள் நெருக்கடியான நாட்டவர்களுக்குத்தான். அமெரிக்கர்கள் போக ஒரே வழி, கிழவராகிப் பட்டாளத்தில் சேர்வது. முதல் நாவலில் ஒருத்தன் இதைச் சொல்லிப் புலம்புகிறான். கதையில் அவன் ரொம்ப தூரம் போகவில்லை.

‘தி லாஸ்ட் காலனி’ தொடங்குவதே ஹக்கிள்பெரி என்ற கோளில் நியூ கோவா என்ற கிராமத்தில். பெர்ரி அங்கே பஞ்சாயத்துப் பேசுகிறவர். அவருக்கு உதவியாளர் சாவித்ரி குண்டுப்பள்ளி, நல்ல வாயாடி. வந்து நிற்கிற வழக்கு ஒரு ஆட்டுத் தகராறு. அண்ணன் தம்பி இரண்டு பேர், அஃப்தாப், நிஸ்ஸிம். குடும்பப் பெயர் செங்கல்பேட்.

செங்கல்பேட்! திண்ணையில் தனியாகச் சிரித்தேன். நம்ம செங்கல்பட்டேதான், வெள்ளைக்காரன் உச்சரிப்பில், இரண்டு அண்ணன் தம்பிக்குக் குடும்பப் பெயராகி, நட்சத்திரங்களுக்கு நடுவில் ஆட்டுக்கு அடித்துக்கொள்கிறது. கேலியாகச் சொல்லவில்லை, எனக்கு அது பிடித்திருந்தது. வேறு கோளுக்குப் போனாலும் பங்காளித் தகராறு தீராது என்று அந்த அமெரிக்கர் எப்படியோ கண்டுபிடித்துவிட்டாரே. ஆனால் இரண்டாம் முறை படிக்கும்போது உறுத்தியது. இந்த வரிசையில் இந்தியர்கள் காப்பாற்றப்படுகிறவர்கள். விவசாயம் செய்கிறார்கள், தகராறு செய்கிறார்கள், வேடிக்கையாகப் பேசுகிறார்கள். ஏழு புத்தகங்களில் கதையைத் தோளில் சுமக்கிற பெர்ரி, ஜாரெட், ஸோயி, வில்சன், கிரெட்சன் என்று யாரும் அந்தக் குடியேறிகளின் பக்கத்தில் பிறந்து வளர்ந்த இந்தியர் இல்லை. குற்றமுள்ள மனசு அமெரிக்கருக்கு, ஆடு நமக்கு.

சரி, அப்படியானால் நாம் இதில் பாதிக்கப்பட்ட தரப்பு என்று சொல்லி முடித்துவிடலாமா? நான் சாய்ந்து உட்கார்ந்திருந்த தூண் பர்மா தேக்கு. அங்கேதான் இடித்தது.

இந்தப் பக்கத்து ஊர்களின் பெரிய வீடுகளெல்லாம் கடலுக்கு அப்பால் சம்பாதித்த காசில் எழும்பியவை. “கொண்டுவிக்கப் போறது” என்பார்கள். பர்மா, மலேயா, சிலோன், சைகோன். பெட்டியடிப் பையனாகப் போனவன் அடுத்தாளாகி, மேலாளாகித் திரும்புவான். மூன்று வருஷக் கணக்கு. கணக்கு முடிந்தால் ஊர், கொஞ்ச நாள் கழித்து மறுபடி கப்பல். குடும்பம் இங்கே, வாழ்க்கை அங்கே. லோயர் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்களிடம் இருந்த நிலம் மொத்தத்தில் 6 சதவீதம். 1930களின் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்து, கடன் திரும்பாமல், அடமானம் வைத்த வயல்கள் ஒவ்வொன்றாகக் கைக்கு வந்தன. 1938இல் அது 25 சதவீதம். யாரும் துப்பாக்கி எடுக்கவில்லை. வட்டிக் கணக்கு மட்டும்தான். ஆனால் அந்த வயலில் நின்ற பர்மிய விவசாயிக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? 1942இல் ஜப்பான் வந்தபோது இந்தியர்கள் கால்நடையாக மலை தாண்டி ஓடிவந்த கதையை இங்கே எல்லா வீட்டிலும் சொல்வார்கள். அந்த 25 சதவீதத்தின் கதையை நான் எந்த வீட்டிலும் கேட்டதில்லை.

நாம் எடுக்காவிட்டால் இன்னொருத்தன் எடுத்துக்கொள்வான் என்பதுதான் ஸ்கால்ஸியின் காலனிய ஒன்றியம் சொல்கிற நியாயம். ஒரு கோளில் வாழ இடம் இருக்கிறது, மூன்று இனம் குறி வைத்திருக்கிறது, முந்திக்கொண்டவனுக்கு இடம். இதைப் படித்து நாம் கொதிக்கலாம். ஆனால் அந்தக் கொதிப்பை ஒரு பர்மா தேக்குத் தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கொதிக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். என் அப்பத்தாவின் மாமனார் அந்தக் கடைகளில் ஒன்றில் சமையல்காரராகப் போனவர். நிலம் அவர் பெயருக்கு வரவில்லை. ஆனால் சோறு அதிலிருந்துதான் வந்தது.

5

போர், கடல், திரும்பி வராதவர்கள் என்று பேசும்போது இதே சிவகங்கை மாவட்டத்துக்காரர் ஒருவரைப் பேசாமல் போகமுடியாது. சிங்கம்புணரியில் பிறந்த ப. சிங்காரம். இந்தோனேசியாவின் மேடானில் வேலை பார்த்தவர். எழுதியது இரண்டே நாவல்கள், இரண்டும் இரண்டாம் உலகப்போர்க் காலத் தென்கிழக்காசியாவில் நடப்பவை.

‘புயலிலே ஒரு தோணி’யின் பாண்டியன் ஊர்விட்டுப் போய், ஐ.என்.ஏ.வில் சேர்ந்து, கடைசியில் இந்தோனேசியாவில் டச்சுக்காரர்களுக்கு எதிராகச் சண்டை போட்டு அங்கேயே முடிந்துபோகிறான். ஊர் நினைவு, மதுரைத் தெருக்கள், சங்கப் பாட்டு எல்லாம் அவன் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். பெர்ரியின் நினைவு புது உடம்பில் ஓடுகிற மாதிரிதான். வித்தியாசம், பாண்டியனுக்குப் புது உடம்பு யாரும் தரவில்லை.

ஆனால் இந்தக் கட்டுரைக்கு எனக்கு முக்கியமானது ‘கடலுக்கு அப்பால்’. அதில் செல்லையா ஐ.என்.ஏ.வில் இருந்துவிட்டுப் பினாங்கில் தன் முதலாளியிடம் திரும்புகிறான். முதலாளியின் மகள் மரகதத்துக்கும் அவனுக்கும் காதல். முதலாளி வயிரமுத்துப் பிள்ளை ஒத்துக்கொள்வதில்லை. பையன் கெட்டவன் என்பதால் இல்லை. பட்டாளத்துக்குப் போய்வந்தவன் வட்டிக்கடைக்கு ஆகமாட்டான், அவ்வளவுதான். துப்பாக்கி பிடித்த கைக்குக் கணக்கு எழுதுகிற பணிவு திரும்ப வராது என்று அந்தக் கிழவருக்குத் தெரிகிறது. அவர் பார்வையில் அது சரியும்கூட. செல்லையா உயிரோடு இருக்கிறான். கை கால் எல்லாம் இருக்கிறது. ஆனால் அவன் திரும்பி வந்துசேர ஓர் இடம் இல்லை.

ஸ்கால்ஸியிடம் எனக்குக் குறைவது இதுதான். பெர்ரியின் பூமித் திரும்பல் பெரிய அரசியல் நிகழ்வு. உலகமே மாறுகிறது. ஆனால் பச்சைத் தோலோடு கொன்று குவித்த மனிதர், மறுபடி சாதாரண உடம்புக்குள் போடப்பட்டபின் காலையில் எழுந்து காபி குடிக்கும்போது அவருக்கு என்ன ஆகிறது? கொவாண்டு நகரம் கனவில் வருமா? சேவை முடித்தவனுக்கு ஒரு கோளில் நிலமும் புது உடம்பும் கொடுத்தால் எல்லாம் கழிந்துவிடும் என்கிற மாதிரி நாவல் நடந்துகொள்கிறது. உடம்பை மாற்றிவிடலாம் என்பது அறிவியல் புனைவின் சுதந்திரம். ஆனால் உடம்பை மாற்றினால் உடம்பு செய்ததும் போய்விடும் என்பது வெறும் வசதி. வயிரமுத்துப் பிள்ளை இதை ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்திருப்பார்.

இதற்கும் ஸ்கால்ஸி தாமதமாக ஒரு பதில் வைத்திருந்தார் என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ‘தி எண்ட் ஆஃப் ஆல் திங்ஸ்’ (2015) நான்கு குறுநாவல்களின் தொகுப்பு. முதலாவதில் ரேஃப் என்ற விமானி. அவனைக் கடத்தி, உடம்பை எறிந்துவிட்டு, மூளையை மட்டும் ஒரு பெட்டியில் வைத்து விண்கலத்தை ஓட்ட வைக்கிறார்கள். நினைவை வேறு உடம்புக்கு மாற்றுவது என்ற முதல் நாவலின் வரம் அப்படியே தலைகீழாகிச் சாபமாக வருகிறது. இந்த வரிசையில் எனக்குத் தூக்கம் கெடுத்த ஒரே பகுதி அது. அதையும் அவருடைய வழக்கமான நகைச்சுவைக் குரலில்தான் ரேஃப் சொல்கிறான். அந்தக் குரல் அங்கே மட்டும் சரியாகப் பொருந்துகிறது. பெட்டிக்குள் இருப்பவனுக்குச் சிரிப்பைத் தவிர வேறு உறுப்பு இல்லை.

6

தொடராக வருவதைப் படிப்பது பற்றிக் கொஞ்சம். இது நமக்குப் புதுசில்லை. ‘பொன்னியின் செல்வன்’ 1950லிருந்து 1954 வரை கல்கியில் வாராவாரம் வந்தது. சுஜாதாவின் ஜீனோவுக்கு ஆனந்த விகடனில் காத்திருந்தவர்கள் நம் பெற்றோர் தலைமுறையில் உண்டு. ‘வெண்முரசு’ 2014லிருந்து 2020 வரை தினமும் இணையத்தில் வந்து 26 நாவல்களாக முடிந்ததை நம்மில் பலர் தினப்படியே படித்திருக்கிறோம். காத்திருப்பதும் படிப்பின் ஒரு பகுதி என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஸ்கால்ஸி இந்தக் காத்திருப்பை நன்றாகப் பயன்படுத்தினார், சில சமயம் மோசமாகவும். ‘தி லாஸ்ட் காலனி’யில் ரோனோக்கின் பூர்வகுடி ஜீவன்கள் வந்து ஒரு தாக்குதல் நடத்துகின்றன, அப்புறம் கதையில் காணாமலே போகின்றன. பெர்ரியின் வளர்ப்பு மகள் ஸோயி எங்கோ போய், தக்க சமயத்தில் தீர்வோடு திரும்புகிறாள், எப்படி என்று தெரியாது. வாசகர்கள் சத்தம் போட்டார்கள். அவர் அடுத்த வருடமே அதே கதையை ஸோயியின் பார்வையில் ‘ஸோயீஸ் டேல்’ (2008) என்று எழுதினார். ஓட்டையை அடைப்பதற்காக ஒரு முழு நாவல். ஏமாற்று வேலை என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அப்பாக்கள் போர் பண்ணுகிற நேரத்தில் மகள் என்ன பண்ணிக்கொண்டிருந்தாள் என்று கேட்காமல் விட்டதுதான் அந்த ஓட்டை. அதை அடைக்க மகள்தான் வரவேண்டும்.

‘தி ஹ்யூமன் டிவிஷன்’ 2013 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை வாரம் ஒன்றாக 13 மின்னூல் பகுதிகளாக வந்தது. தனித்தனியாகப் படித்தால் ஒவ்வொன்றும் நல்ல வாரப் பத்திரிகைக் கதை. சேர்த்துப் படித்தால் மர்மத்தின் முடிச்சு அவிழாமலேயே நிற்கிறது. அவிழ இரண்டு வருஷம் ஆனது.

அப்புறம் பத்து வருஷம் மௌனம். வரிசை முடிந்துவிட்டது என்றே நினைத்துவிட்டேன். 2025 செப்டம்பரில் ஏழாவது புத்தகம், ‘தி ஷாட்டரிங் பீஸ்’. கதையிலும் பத்து வருஷம் ஓடியிருக்கிறது. பூமி, ஒன்றியம், கான்க்ளேவ் மூன்றுக்கும் நடுவில் ஓர் ஒப்பந்தம், அதனால் ஓர் அமைதி, அது விரிசல் விடுகிறது. நாயகி கிரெட்சன் ட்ருஹியோ, ஸோயியின் பழைய தோழி. ரோனோக்கில் துறுதுறு என்று இருந்த பெண் இப்போது ஒன்றிய அரசாங்கத்தில் யாரும் கண்டுகொள்ளாத ஒரு பிரிவில் நடுமட்ட அதிகாரி. கிழவரில் ஆரம்பித்த ராணுவ வரிசை ஒரு அரசு ஊழியரிடம் வந்து நிற்கிறது. சண்டையைவிடப் பேச்சு அதிகம்.

குறைகள் இருக்கின்றன. ஸ்கால்ஸியின் எல்லாக் கதாபாத்திரமும் ஒரே மாதிரி நக்கலாகப் பேசும். பெர்ரி, வில்சன், ஸோயி, கிரெட்சன் நான்கு பேரின் வசனத்தையும் பெயரை எடுத்துவிட்டுக் கொடுத்தால் யார் பேசியது என்று சொல்லமுடியாது. வேற்றினத் தளபதிகூட ஓஹையோ மாநிலத்துக்காரர் மாதிரிதான் ஜோக் அடிப்பார். நிலக்காட்சி என்பதே கிடையாது. ஒரு கோளின் மண் என்ன நிறம் என்று ஏழு புத்தகம் படித்தும் எனக்கு ஞாபகம் இல்லை. ஜீவன்களையும் உரையாடல்களையும்தான் ஞாபகம் இருக்கிறது. இவ்வளவு மண்ணுக்காகச் சண்டை போடும் கதையில் மண்ணே இல்லை என்பது சின்னக் குறை இல்லை.

7

போன தீபாவளிக்கு நேமத்தான்பட்டி போனபோது அப்பத்தாவுக்கு ரேஷன் கார்டு கணக்குப்படி எழுபத்தைந்து. பட்டாளத்தில் சேர்கிற வயது. ஒரு கண்ணுக்குப் புரை எடுத்தாயிற்று, இன்னொன்று பாக்கி. ‘தி ஷாட்டரிங் பீஸ்’ நூலை அதே வடக்கு மூலையில்தான் படித்தேன். டவர் இப்போது முகப்பு முழுக்கக் கிடைக்கிறது. இருந்தாலும் பழக்கம்.

வீட்டு வாரிசுகள் வீட்டை என்ன செய்வது என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். பங்கு பல பேருக்கு. ஹோட்டலாக்கலாம் என்று சிலர், பிரித்து விற்கலாம் என்று சிலர். பிரித்தால் தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போகும், அங்கிருந்து எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு, மறுபடி கப்பல் ஏறலாம்.

“அந்தக் கெழவன் கதை முடிஞ்சிருச்சா?” என்று அப்பத்தா கேட்டாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் சொன்னதை மறக்கவில்லை.

“அவரு ஊருக்குத் திரும்பிட்டாரு அப்பத்தா. இப்ப வேற ஆளுக கதை ஓடுது.”

“திரும்பிட்டானா? விட்டானுகளா?”

“விடல. அவராத்தான் வந்தாரு.”

“வந்து என்ன பண்றான்?”

அதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை. ஏழு புத்தகத்தில் ஸ்கால்ஸி அதை எழுதவில்லை. பெர்ரி, ஜேன், ஸோயி மூவரையும் பூமியில் இறக்கிவிட்டு அவர் மேலே தூதர்களோடு போய்விட்டார். எட்டாவது புத்தகம் எப்போதாவது வந்தால் எனக்கு விண்வெளிப் போர் வேண்டாம், கான்க்ளேவ் அரசியல்கூட வேண்டாம். அந்தக் கிழவர் ஊரில் என்ன செய்கிறார் என்று நூறு பக்கம் எழுதினால் போதும். கல்லறைக்குப் போனாரா, யாராவது அடையாளம் கண்டார்களா, சட்டப்படி செத்தவருக்கு வீடு யார் வாடகைக்குக் கொடுத்தார்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு: முதல் மூன்றையும் வரிசையாகப் படியுங்கள். முதலாவதில் பெண்டர் சாகிற இடத்தில் ஒரு மடிப்பு மடித்து வையுங்கள். ‘தி ஹ்யூமன் டிவிஷன்’ முடித்ததும் அங்கே திரும்பிப் போய் அந்த நாலு பக்கத்தை மறுபடி படியுங்கள். கூடவே ‘கடலுக்கு அப்பால்’ இருந்தால் இன்னும் நல்லது. சின்ன நாவல்தான், ஒரு ராத்திரியில் முடிந்துவிடும்.